தோளுக்கு உயர்ந்த மகள்

தோளுக்கு உயர்ந்தால் தோழன் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான யோசனை கிடைக்காது. தொட்டிலில் கிடப்பவனைத் தூக்கு. தெருவில் ஓடுகிறவனைப் பிடி. தோளை எட்டியவனுக்குப் பக்கத்தில் இடம் விடு. அவ்வளவுதான். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழகித் தேய்ந்த வார்த்தையைக்கூட மறுபக்கம் திருப்பிப் பார்ப்பான். பழமொழியில் வருவது தோழன், தோழி இல்லை. மகன் தோளை எட்டினால் சரி, மகள் எட்டினால் என்ன செய்வது? பழமொழி அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பழமொழி சொல்லாததை ஊர் வழக்கம் சொல்லியது. பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளுகிற தோல் ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்துக்குச் சோறு போட்ட ஊர்கள் அவை. ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்ட காலத்தில் அந்தத் தொழில் பொறுமையின் தொழிலாக இருந்தது. உப்புத் தோலைக் கழுவி ஊற வைப்பது ஒரு கட்டம். சுண்ணாம்புக் குழியில் இறக்கி மயிர் களைவது ஒரு கட்டம். சதை சீவி, பட்டைத் தண்ணீரில் நாள் கணக்கில் புரட்டிப் புரட்டி எடுப்பது வேறொரு கட்டம். கடைசியில் கடுக்காயும் எண்ணெயும். ஒரு கட்டத்துக்கு ஏற்றது அடுத்த கட்டத்துக்கு ஆகாது. சுண்ணாம்பு நல்லதுதானே என்று கூடுதலாக நாலு நாள் விட்டு வைத்தால் தோல் கெட்டுப் போகும்.

அந்தத் தொழிலில் ஊறிய முதலாளிகளுக்கு மகன் வளரும் கணக்கும் தெரிந்திருந்தது. பையன் முதலில் ஷாப்பில் தோலை எண்ணுவான். பிறகு தரம் பிரிப்பான். மீசை அரும்பியதும் சென்னைக்குப் போய்ப் பெரியமேட்டு மண்டியில் பேரம் பேசிவிட்டு வருவான். ஒரு நாள் சாவிக்கொத்து கை மாறும். மகள் விஷயத்தில் கணக்கு நேர் எதிர். சின்னவளாகத் தெருவில் ஓடி விளையாடிய பெண் வளர வளர வீட்டுக்குள்ளே போனாள். முஸ்லிம் வீடுகளில் அதற்குக் கோஷா என்று பெயர் இருந்தது. இந்து வீடுகளில் பெயர் வைக்காமலே அதே காரியம் நடந்தது. மகன் வளர்ந்தால் கயிறு நீளும்; மகள் வளர்ந்தால் கயிறு குறுகும்.

அந்தக் கயிறு எப்படித் தளர்ந்தது என்று தேடிப் போனால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் கதை குறுக்கே வருகிறது. வேலூர் ஆஸ்பத்திரியைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் டாக்டர் ஐடா ஸ்கட்டரின் பெயர் தெரியும். அவரை மகானாகப் பேசும் புத்தகங்கள் நிறைய உண்டு. எனக்கு வேண்டியது மகான் இல்லை, மகள். அந்த மகளுக்கு வாய்த்த தாய் தகப்பன்.

ஐடா பிறந்தது ராணிப்பேட்டையில், 1870 டிசம்பர் 9-ந் தேதி. ஐந்து அண்ணன்மார்களுக்குப் பிறகு ஒரே பெண், கடைக்குட்டி. தாத்தா டாக்டர் ஜான் ஸ்கட்டர் அமெரிக்காவிலிருந்து முதன்முதலில் இந்தப் பக்கம் வந்த மருத்துவப் பாதிரியார்; யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கியவர். அவருடைய ஆண்மக்கள் ஏழு பேரும் தகப்பன் காட்டிய வழியிலேயே இந்தியாவில் ஊழியத்துக்கு வந்தார்கள். ஆர்க்காட்டு மிஷனைத் தொடங்கியதும், 1866-ல் ராணிப்பேட்டை ஆஸ்பத்திரியைத் திறந்ததும் அந்தப் பிள்ளைகள்தான். நான்கு தலைமுறைகளில் நாற்பது பேருக்கு மேல் அந்த வீட்டிலிருந்து இதே வேலைக்கு வந்தார்கள். மளிகைக் கடைக்காரர் மகன் தராசைப் பிடிப்பதுபோல ஸ்கட்டர் வீட்டுப் பிள்ளை பைபிளையும் மருந்துப் பெட்டியையும் பிடிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு முதலில் முகத்தைச் சுளித்தவள் இந்தக் கடைக்குட்டி. அதற்குக் காரணம் இருந்தது. தாது வருஷப் பஞ்சம் இந்தச் சீமையைச் சூறையாடியபோது அவளுக்கு ஆறு, ஏழு வயது. ரொட்டியைக் கையில் வாங்கிக் கடிக்கவும் தெம்பில்லாத குழந்தைகளின் வாயில் துண்டு துண்டாக ஊட்டியவள். அதற்குப் பின் குடும்பம் அமெரிக்கா போயிற்று. சில வருஷத்தில் தகப்பனார் மட்டும் இந்தியாவுக்குத் திரும்பினார். பிறகு தாயும் மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினாள். தாய் போன இரவு, அந்தப் பெண் அவளுடைய தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள் என்று அவள் வரலாற்றை எழுதுகிறவர்கள் சொல்வார்கள்.

இந்த இடத்தைப் புத்தகங்கள் தியாகம் என்று சொல்லித் தாண்டிவிடும். எனக்குத் தாண்ட மனம் வரவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயசு என்பது பெண்ணுக்குத் தாய் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டிய வயசு. ஊருக்கு நல்லது செய்யப் போகிறவர்கள் வீட்டுக் குழந்தையின் அழுகையைக் கணக்கில் எழுதுவதில்லை. இது வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. நம் தேசத் தொண்டர்களின் பிள்ளைகளைக் கேட்டால் அவர்களும் நாலு வார்த்தை சொல்லுவார்கள்.

தூரத்தில் இருந்தே பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்த தகப்பன் ஒருவரும் இருந்தார். பின்னாளில் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக அவரையும் தங்கையையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் மகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். மலையைப் பற்றி, மரத்தைப் பற்றி, பூச்சி புழுவைப் பற்றி எழுதுவார். 1929-ல் காய்ச்சல் கண்டு அவர் கொல்லிமலையிலேயே மாண்டார். சாவுச் செய்தி தந்தியில் பறந்துவிட்டது. கடிதங்களோ கப்பலில் வந்துகொண்டிருந்தன. தகப்பன் போய்விட்டார் என்று தெரிந்த பிறகும் பல வாரங்கள் மகன் கைக்கு அவருடைய புதுக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. நான் எழுதும் நாவலில் இப்படி ஒரு கட்டம் வைத்தால் பத்திரிகை ஆசிரியர் நம்பமாட்டார்.

ஐடாவுக்கு வருவோம். படிப்பு முடிந்ததும் அமெரிக்காவிலேயே கல்யாணம் செய்துகொண்டு சுகமாக இருப்பது அவளுடைய உத்தேசம். 1890-ல் தாயார் சோபியாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுத் திண்டிவனத்துக்கு வந்தாள். துணைக்கு வந்தவளே தவிர, தங்க வந்தவள் அல்ல. மிஷனரி ஆகமாட்டேன் என்பதை அவள் ஒளிக்கவும் இல்லை.

இங்கேதான் அந்தத் தகப்பனை நான் கவனிக்கிறேன். ஏழு பிள்ளைகளையும் ஒரே வழியில் நடத்திய பெரிய ஸ்கட்டரின் மகன் அவர். அண்ணன் தம்பிகள் எல்லோரையும்போலத் தாமும் அந்த வழியில் வந்தவர். மகளையும் அந்தச் செக்கில் பூட்ட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால், வழக்கம் முழுவதும் அவர் பக்கம்தான். அவர் பிடிக்கவில்லை. மகள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குப் பாடம் சொன்னாள், திரும்பிப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்த ராத்திரி. வேலூர்ப் பக்கத்தில் பலமுறை சொல்லப்பட்ட கதை இது. என்றாலும் சொல்லாமல் மேலே போக வழியில்லை. ஒரே இரவில் மூன்று பேர் பங்களாக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். மூவரும் தேடி வந்தது டாக்டரை அல்ல, டாக்டரின் மகளை. அவள் தனக்கு வைத்தியம் தெரியாது என்றாள். அப்பாவை அழைத்துப் போகச் சொன்னாள். அந்நிய ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதா என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடியற்காலையில் சாவு மேளம் கேட்டது. ஆள் விட்டு விசாரித்தாள். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் ஐடாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த மூன்று பெண்களின் தகப்பன்மாரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்கள் கொடியவர்களாக இருந்திருக்கமாட்டார்கள். மகள் தோளை எட்டுமுன் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நம்பியவர்கள். அந்தக் காலத்துச் சட்டமும் அவர்களோடு ஒத்துப் போயிற்று. மணமான பெண்ணானாலும் பன்னிரண்டு வயதுக்கு முன் புருஷன் தொடக்கூடாது என்று 1891-ல் சட்டம் வந்தபோது அதற்கே தேசம் கொந்தளித்தது. பெண்ணின் கல்யாண வயதைப் பதினான்காக வைத்த சாரதா சட்டம் வர 1929 ஆயிற்று. குழந்தையாக இருந்த மகளுக்குப் போட்ட வேலி, அவள் குழந்தை பெறப் போகும்போதும் அப்படியே நின்றது. வைத்தியர் வாசலில் காத்திருந்தும் உள்ளே போக முடியவில்லை.

மறுநாள் மகள் பெற்றோரிடம் வந்து, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, இந்தப் பெண்களுக்காகத் திரும்பி வரப் போகிறேன் என்று சொன்னாள். தகப்பன் பல வருஷம் மனசுக்குள் விரும்பியிருக்கக்கூடிய வார்த்தைதான். ஆனால் அதை மகள் வாயால் வரவழைத்தது தகப்பன் இல்லை. மூன்று முறை தட்டப்பட்ட கதவு. அவர் செய்தது, அந்தக் கதவுக்கும் மகளுக்கும் நடுவே நிற்காமல் இருந்தது. அதுவும் ஒரு காரியம்தானே?

1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பெண்களுக்கு அப்போதுதான் கதவு திறந்த கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-ல் பட்டம் பெற்று, 1900 புத்தாண்டோடு திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரி கட்ட ஷெல் என்ற நியூயார்க் பாங்கர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரும் கையில் இருந்தது. இதுவரை அவள், இவள் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டராகி வந்தவரை இனி அவர் என்று எழுதுவதே மரியாதை. நம் பாஷையில் இந்த ஒரு வசதி உண்டு. மகன் உத்தியோகத்துக்குப் போனதும் வாடா போடா போய் வாப்பா வந்துவிடும். எந்த நாளில் மாறியது என்று தாய்க்கே தெரியாது. ஆனால் மாறாத வீடுகளில் சண்டை ஓயாது.

மகளுக்குத் தொழில் பழக்கிவிடத் தகப்பனாருக்குக் காலம் போதவில்லை. அதே ஆண்டு மே மாதம் காலமானார். நாற்பது வருஷம் அந்தச் சீமையில் நடமாடியவர் போய்விட்டார்; முப்பது வயது நிரம்பாத மகள் மிஞ்சினார். வேலூர் பங்களாவில் ஒரு சின்ன அறை. மருந்து எடுத்துக் கொடுக்கச் சமையல்காரரின் மனைவி சலோமி. முதலில் நோயாளிகள் வரத் தயங்கினார்கள். பிறகு இரண்டு வருஷத்தில் 5,000 பேரைப் பார்த்தார். 1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. 1909-ல் நர்ஸ்களுக்குப் பள்ளி வந்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்க்கும் வழக்கமும் வந்தது.

இவையெல்லாம் சரித்திரத்தில் இருக்கிறது. நான் நின்று பார்ப்பது அந்த வீட்டின் பின்கட்டை. கணவனை இழந்த சோபியா அம்மாள் அமெரிக்காவில் இருந்த மகன்களிடம் போகவில்லை. மகளோடு வேலூரில் தங்கினார். ஒரு நாள், ஒரு மாதம் அல்ல. 1925-ல் கண்ணை மூடும் வரை, இருபத்தைந்து வருஷம். உடம்பு தாங்காது என்று 1860-களின் தொடக்கத்தில் மிஷன் சங்கம் இந்தியாவுக்கு அனுப்பத் தயங்கிய அம்மாள் எண்பது வயதையும் தாண்டி வாழ்ந்தார் என்பது வேறு வேடிக்கை.

மகள் வீட்டில் கை நனைக்கக் கூசும் நமக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். நம் ஊரில் பேரன் பிறக்கும்வரை பெண் வீட்டில் சாப்பிடாத தகப்பன்மார்கள் உண்டு. மகன் வீட்டில் தாய் அதிகாரம் செய்யலாம். மருமகள் என்று ஒருத்தி இருக்கிறாள், சண்டை போட ஆள் உண்டு. கல்யாணமாகாத மகளின் வீட்டில், அந்த மகளே எஜமானி, அவரே சம்பாதிப்பவர், ஊரெல்லாம் அவர் வார்த்தைக்குக் காத்திருக்கிறது என்றால் தாய்க்கு என்ன இடம்? சோபியா அம்மாள் வீட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். மகள் ஆபரேஷன் அறையிலும் சாலையிலும் இருந்தபோது வீடு அவர் பொறுப்பில் நடந்தது. ஒரு காலத்தில் மகளை அந்நிய தேசத்தில் அழவிட்டு வந்த அதே தாய், வயதான பிறகு அந்த மகள் ராத்திரி எந்நேரம் வந்தாலும் விளக்கோடு காத்திருக்கும் இடத்துக்கு வந்துவிட்டார். விளக்கு என் கற்பனை; காத்திருந்தது கற்பனையாக இருக்க முடியாது. சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கியும் இருப்பார். பெற்ற தாய்க்கு அந்த விழுங்கல்தான் கஷ்டம்.

இனி மற்றத் தகப்பன்மார். 1918-ல் பெண்களுக்கு வேலூரில் மருத்துவப் பள்ளி தொடங்க ஐடா அம்மையார் முனைந்தபோது சென்னையிலிருந்த சர்ஜன் ஜெனரல் மூன்று மனுக்கூட வராது, ஆறு பெண்கள் சேர்ந்தால் ஆரம்பியுங்கள் என்றாராம். வந்த மனுக்கள் 151. இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு 151 வீடுகள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு மனுவுக்குப் பின்னாலும் ஒரு கூடத்தில் பாட்டி அழுதிருப்பாள். பெரியப்பா வந்து கத்தியிருப்பார். இவளை இனி யார் கட்டிக்கொள்வான் என்று தாய் கேட்டிருப்பாள். எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு தகப்பனோ தாயோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு தகப்பனின் பெயர் தமிழ்நாட்டுக்குத் தெரியும். புதுக்கோட்டை நாராயணசாமி ஐயர். மகள் முத்துலட்சுமி பெரியவளானதும் ஊர் வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றது. பாடம் நிற்கவில்லை. வீட்டிலேயே படிக்க வைத்தார். வழக்கத்தோடு மோதாமல் அதன் பக்கமாக ஒரு சந்து கண்டுபிடித்த மனிதர். அந்தப் பெண் மெட்ரிகுலேஷன் தேறியபோது கல்லூரி என்றால் ஆண்கள் கல்லூரிதான். மகாராஜாவே தலையிட்டு இடம் கொடுக்க வேண்டியிருந்தது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வந்தார் டாக்டர் முத்துலட்சுமி.

வேலூரில் சேர்ந்தவர்களுள் நிலைத்த பதினான்கு பேர் முதல் பரீட்சை எழுதினார்கள். மாகாணத்தில் எழுதிய ஆண்களில் ஐந்தில் ஒருவர் தேறினார். வேலூர்ப் பெண்கள் பதினான்கு பேரும் தேறினார்கள். 1922-ல் படிப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். திண்டிவனத்துக் கதவைத் தட்டிய மாதிரி ஒருவன் வந்தால், அறைக்குள்ளேயே போகக்கூடிய டாக்டர்கள். பக்கத்தில் வாணியம்பாடியில் தோல் வியாபாரிகள் கூடி 1919-ல் இஸ்லாமியாக் கல்லூரியைத் திறந்தார்கள், அது ஆண்பிள்ளைகளுக்கு. பெண்களின் முறை வர அந்த ஊர்களில் இன்னும் வெகுகாலம் ஆயிற்று. இன்று ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்று பார்த்தால் தெரியும். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் சம்பளக் கவரைத் தகப்பன் வாங்கிக்கொள்கிறான், எத்தனை பேர் வீட்டில் மகளிடமே விட்டு வைக்கிறான் என்பது தனிக் கதை.

ஐடா அம்மையாருக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. ஆனால் பெற்றவர்களுக்கு வரும் சோதனை அவருக்கும் வந்தது. பள்ளிதான் அவர் பெற்ற பெண். பெண்களுக்காக, பெண்களைக் கொண்டு, பெண்கள் நடத்துவது என்று அதை வளர்த்தார். 1938-ல் சென்னை அரசாங்கம் பழைய சிறிய டாக்டர் படிப்பு இனி செல்லாது, பல்கலைக்கழகப் பட்டம்தான் வேண்டும் என்றது. அதற்கு வேண்டிய பணமும் பேராசிரியர்களும் வேலூரில் இல்லை. ஆண்களையும் சேர்த்து எல்லா மிஷன்களுக்கும் பொதுவான கல்லூரியாக்கினால் பிழைக்கலாம் என்ற பேச்சு வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். மூன்று பெண்கள் ஆண் டாக்டரை மறுத்துச் செத்ததைப் பார்த்து, அதற்காகவே ஓர் ஆயுளைக் கொடுத்தவரிடம் போய், உங்கள் பள்ளியில் ஆண்களைச் சேருங்கள் என்றார்கள். அமெரிக்காவில் அவருக்காகப் பல வருஷம் பணம் திரட்டிய தோழி லூசி பீபடி அம்மையார் ஒரே பிடிவாதமாக எதிர்த்தார். பெண்களுக்கென்று கொடுத்த பணம், பெண்களுக்கென்று கட்டிய இடம் என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கே இரண்டு பக்கமும் மனம் போகிறது. ஐடா அம்மையாரும் தயங்கினார். பிறகு இசைந்தார். நெடுநாள் சிநேகிதம் அதனால் முறிந்தது. திண்டிவனத்தில் கதவைத் தட்டிய காலம் வேறு, இந்தக் காலம் வேறு என்று அவர் கண்டுகொண்டார். அந்த மாற்றத்தில் அவர் கையும் இருந்தது.

எழுபது வயதில் மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் கேட்டார். 1942-ல் பட்டப் படிப்புக்குப் பல்கலைக்கழகம் அனுமதி தந்தது. 1946-ல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ஆண் மாணவர்கள் உள்ளே வந்தார்கள். விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ், முதல் இந்தியத் தலைவராக வந்து அமர்ந்தார். ஐடா அம்மையார் கொடைக்கானலில் தம் மலை வீட்டுக்குப் போய்விட்டார். 1960 மே மாதம் காலமாகும் வரை அங்கேதான் இருந்தார். வேலூரை மற்றவர்கள் நடத்தினார்கள்.